பொய்யும் உண்மையும் பற்றிய ஆங்கிலச் சொற்கள்: பெரியவர்களுக்கு எந்த வழியில் கற்பிப்பது?

சிங்கப்பூரில் தமிழ் பேசும் பெரியவர்களுக்கு ஓய்வு நாளில் ஆங்கிலம் சொல்லித்தரும் தொண்டூழியர்கள், வகுப்பு இடைநிலையை எட்டியதும் ஒரு தலைப்பைச் சந்திப்பார்கள்: பொய், ஏமாற்று, ஒளிவுமறைவு, நேர்மை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும் மரபுத்தொடர்களும். அந்தத் தலைப்பை நடத்த நான்கு வழிகள் வழக்கத்தில் உள்ளன. சொற்களைப் பட்டியலாகத் தொகுத்து ஒரே பாடத்தில் கொடுத்துவிடலாம். தமிழ் வழக்குகளோடும் பழமொழிகளோடும் இணை சேர்த்துக் கற்பிக்கலாம். விளையாட்டும் விவாதமுமாக நடத்தலாம். அல்லது வேலையிடம், மருந்தகம், தொலைபேசி என்று சூழலை முன்னே வைத்து, அங்கே தேவைப்படும் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எது சிறந்தது என்பதை, வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாராமல் சொல்ல இயலாது. நான் மனத்தில் வைத்திருப்பவர்கள் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் ஊழியர்கள், இல்லப் பணிப்பெண்கள், திருமணமாகி இங்கு வந்து குடியேறிய பெண்கள் ஆகியோர். அவர்களுள் பலர் ஊரில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள். எனினும் மேற்பார்வையாளரிடம் ஒன்றை மறுத்துப் பேச வேண்டிய கட்டம் வந்தால் வாயடைத்து நின்றுவிடுகிறார்கள்.

காய்கறிகளின் பெயரை மாற்றிச் சொன்னால் கடைக்காரர் சிரித்துவிட்டுத் திருத்துவார். பொய்யைப் பற்றிய சொல்லைத் தவறான கனத்தில் சொன்னால் அது குற்றச்சாட்டாக மாறிவிடும். தமிழில் நண்பனிடம் "பொய் சொல்லாதடா" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அவனும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அள்ளிவிடுவான். அதே நினைப்பில் ஒருவர் தம் மேற்பார்வையாளரிடம் "யூ ஆர் லையிங்" என்று சொன்னால், கேட்பவருக்கு அது தம் நாணயத்தின் மீது விழுந்த அடியாகவே படும். ஆகவே நான்கு வழிகளையும் ஒப்பிடும்போது, எது அதிகச் சொற்களைக் கொடுக்கிறது என்பதைவிட, எது சொல்லின் கனத்தையும் அதைச் சொல்லத்தக்க ஆளையும் இடத்தையும் சேர்த்துக் கற்பிக்கிறது என்பதையே முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

பட்டியல் வழி எளியது. ஒரு தாளில் இருபது சொற்களை அச்சிட்டு, எதிரே தமிழில் பொருள் எழுதி, அடுத்த வாரம் தேர்வு வைத்துவிடலாம். கற்பவர்களுக்கும் இது பிடிக்கும். பள்ளியில் பழகிய முறை இது, கையில் ஏதோ ஒன்று கிடைத்த நிறைவும் இருக்கும். ஆயினும் பொருள் நெருக்கமுள்ள புதிய சொற்களை ஒரே வேளையில் கற்பது நினைவைக் குழப்பும் என்பதற்குச் சான்று உண்டு. மொழிக்கற்றல் ஆய்வாளர்களான டிங்க்கம் 1993இலும் வேரிங் 1997இலும் செயற்கைச் சொற்களை வைத்துச் செய்த சோதனைகளில், பொருளால் ஒன்றோடொன்று தொடர்புடைய சொற்களை மனத்தில் நிறுத்தக் கற்பவர்களுக்குக் கூடுதல் முயற்சி தேவைப்பட்டது. தமிழருக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. டிசீவ், சீட், ட்ரிக், ஃபூல், மிஸ்லீட் ஆகிய ஐந்துக்கும் எதிரே பட்டியலில் "ஏமாற்று" என்ற ஒரே சொல்லைத்தான் ஆசிரியர் எழுதி வைப்பார். மாணவரும் ஐந்தும் ஒன்றே என்று எண்ணிக்கொள்வார். போதாக்குறைக்கு, நம் வழக்கில் ஏமாந்து போவதும் ஏமாற்றம் அடைவதும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். பேருந்து கிடைக்காமல் ஏமாந்தவர் ஆங்கிலத்தில் "ஐ வாஸ் சீட்டட்" என்று சொல்லும்போது, யார் எவ்வளவு பணம் பறித்தார்கள் என்று எதிரில் இருப்பவர் பதறுகிறார்.

இத்தனை இருந்தும் பட்டியலை முழுதாகத் தள்ளிவிட நான் சொல்லவில்லை. பாதிச் சொற்களை ஏற்கெனவே அறிந்தவருக்கு, அவற்றை ஒழுங்குபடுத்திக்கொள்ள அது உதவும். அப்போதும் தனிச்சொற்களைவிடச் சேர்க்கைகளை எழுதிக் கொடுப்பது நல்லது. "சொல்" என்ற வினை தமிழில் பொய்க்கும் உண்மைக்கும் பெயருக்கும் ஒன்றுபோலப் பொருந்துவதால், நம்மவர்கள் "ஹி செட் எ லை" என்று பேசுவது இயல்பு. "டெல் எ லை", "டெல் த ட்ரூத்" என்று சேர்த்தே மனத்தில் பதியவைத்தால் அந்தப் பிழை தானே மறையும். சொற்களைத் தொடர்களாகவே கற்பிக்க வேண்டும் என்று 1993இல் மைக்கேல் லூயிஸ் வலியுறுத்தியது இப்படிப்பட்ட இடங்களில் மிகவும் பொருந்துகிறது. "ஆனஸ்ட்" என்ற சொல்லின் முதல் எழுத்து ஒலிக்காது என்பதைப் பலகையில் ஒருமுறை காட்டிவிட்டுக் கடந்து போகலாம்.

இரண்டாவது வழியான தமிழ் இணைப்பு, வகுப்பை விழிக்கச் செய்யும் ஆற்றலில் மற்ற மூன்றையும் மிஞ்சியது. "க்ரை வுல்ஃப்" என்ற தொடருக்கு அரைமணி நேரம் விளக்கம் தர வேண்டியதில்லை. "புலி வருது" என்ற இரண்டு சொற்களில் வேலை முடிந்துவிடும். முதலைக் கண்ணீர் இரண்டு மொழிகளிலும் முதலையுடையதே. ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்க்குப் பசுத்தோல் போர்த்திய புலி இருக்கிறது; கையும் களவுமாகப் பிடிபடுவதற்கு ஆங்கிலத்தில் கை சிவந்திருக்கிறது. சாக்கிலிருந்து பூனை வெளியே வரும் ஆங்கிலத் தொடரையோ நம் பத்திரிகைகள் என்றைக்கோ இரவல் வாங்கிவிட்டன. அரசியல் கட்டுரைகளில் "பூனைக்குட்டி வெளியே வந்தது" என்று படித்தவர்கள் அது வேற்று மொழிச் சரக்கு என்று அறிந்ததும் வியப்பார்கள். தம் மொழியில் ஏற்கெனவே இருக்கும் அறிவு ஆங்கில வகுப்பில் செல்லுபடியாகிறது என்று காணும்போது, தயங்கிக்கொண்டிருக்கும் மாணவருக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். அந்தப் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் இணைகள் எங்கே பொருந்துகின்றனவோ அதற்குப் பக்கத்திலேயே பொருந்தாதவையும் காத்திருக்கின்றன. "புல்லிங் மை லெக்" என்று உடன் வேலை செய்பவர் சொன்னால் அது வெறும் கேலி. நம் ஊர் வழக்கில் "காலை வாரிவிட்டான்" என்பது பெரும்பாலும் நம்பியவனைக் கவிழ்த்த துரோகம். இந்த இரண்டையும் சமமென்று எழுதிக்கொண்டவர், விளையாட்டாகச் சொல்லப்பட்ட ஒரு சொல்லுக்காக நட்பை முறித்துக்கொள்ளக்கூடும். வெள்ளைப் பொய்க்கும் பச்சைப் பொய்க்கும் இடையிலும் அப்படித்தான்: நிறத்தின் பெயரில் தொடங்குவதால் இரண்டும் ஒரே வகை என்று எண்ணிவிடலாகாது. ஆங்கிலத்தின் "ஒய்ட் லை" பிறர் மனம் நோகாதிருக்கச் சொல்வது. பச்சைப் பொய்க்கு அருகில் வருவது, நாணமின்றி முகத்துக்கு நேரே சொல்லப்படும் "பேர்ஃபேஸ்டு லை". ஆகவே இந்த வழியைக் கையாளும் ஆசிரியர், பொருந்தும் இணைகளைச் சொன்ன கையோடு பொருந்தாத இணைகளையும் சொல்லியே ஆக வேண்டும்.

பழமொழிக்குப் பழமொழி தேடுவதைவிட, தொடர்களின் அடியில் ஓடும் உருவகத்தைப் பற்றிக்கொள்வது பயன் தரும் என்பது என் எண்ணம். மொழியின் அன்றாடத் தொடர்கள் சில அடிப்படை உருவகங்களிலிருந்து கிளைக்கின்றன என்று 1980இல் மொழியியலாளர் லேக்காஃபும் தத்துவ அறிஞர் ஜான்சனும் எடுத்துக்காட்டினர். தொடர்களை அப்படி உருவக வாரியாகத் தொகுத்துக் கற்றவர்களுக்கு அவை நன்றாக நினைவில் நின்றன என்பதை 2000இல் ஃபிராங்க் போயர்ஸ் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பொய்–உண்மைத் தொடர்களை இரண்டு உருவகங்களில் பெருமளவு அடக்கிவிடலாம். ஒன்று, கோணலும் நேரும்: ஆங்கிலத்தில் நேரான பதிலை "ஸ்ட்ரெய்ட் ஆன்சர்" என்றும் நாணயமற்றவரை "க்ரூக்கட்" என்றும் சொல்கிறார்கள், நமக்கோ நேர்மை என்ற சொல்லிலேயே நேர் இருக்கிறது. மற்றொன்று, மறைப்பும் வெளிச்சமும்: "கவர் அப்" என்றால் மூடி மறைப்பது, "ஸீ த்ரூ" என்றால் மறைப்பை ஊடுருவிக் காண்பது, கண்களின் மேல் கம்பளியை இழுத்துவிடும் ஆங்கிலத் தொடர் நம் கண்ணில் மண்ணைத் தூவுவதற்குப் பக்கத்து உறவு. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைக் கொண்டு குற்றத்தை மறைப்பதைச் சொல்லும் "ஒய்ட்வாஷ்" என்ற சொல், நம் "பூசி மெழுகுதல்" இருக்கும் தெருவிலேயே குடியிருக்கிறது. இந்த இரண்டு உருவகங்களும் பிடிபட்டபின், அறியாத தொடர் ஒன்று காதில் விழுந்தாலும் கற்பவர் ஓரளவு ஊகித்துவிடுவார்.

இந்த வழிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, வண்ணமயமான மரபுத்தொடர்கள் உண்மையான பேச்சிலும் எழுத்திலும் நாம் நினைப்பதைவிட அரிதாகவே வருகின்றன. பெரிய மொழித்தொகுப்புகளை ஆராய்ந்து 1998இல் ரோசமண்ட் மூன் கண்டதும் அதுவே. வகுப்பில் சிரிப்பை வரவழைத்த கம்பளித் தொடரைக் கற்பவர் ஆண்டுக்கு ஒருமுறைகூடக் கேட்காமல் போகலாம். "டு பி ஆனஸ்ட்" என்பதையும் "ஆர் யூ ஷுவர்" என்பதையும் அவர் அன்றாடம் கேட்பார். இரண்டாவது, வகுப்பில் வங்காளதேசத்தவரும் மியன்மார்க்காரரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் தமிழ் இணை அவர்களை வெளியே நிறுத்திவிடும். அங்கே அவரவர் மொழியில் இதை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம்; பாடம் கலகலப்பாகும், ஆனால் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கும்.

விளையாட்டும் விவாதமும் என்ற மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தம்மைப் பற்றி இரண்டு உண்மைகளையும் ஒரு பொய்யையும் சொல்லி, பொய் எது என்று மற்றவர்களைக் கண்டுபிடிக்கச் செய்யும் விளையாட்டு உலகெங்கும் ஆங்கில வகுப்புகளில் நடக்கிறது. நம்மவர்களும் அதில் உற்சாகமாகக் கலந்துகொள்வார்கள். கூர்ந்து கவனித்தால், அதில் பயிற்சி பெறுவது இறந்தகால வினைகளும் கேள்வி கேட்கும் முறையும்தான். பொய்யைப் பற்றிய சொற்கள் ஒன்றிரண்டுக்கு மேல் வாயில் வருவதில்லை. விவாதம் சற்று மேலானது. "பொய்மையும் வாய்மை இடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்ற குறளை முன்வைத்து, எப்போது பொய் சொல்லலாம் என்று கேட்டால் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேசாதவரும் பேச முயல்வார். ஆயினும் "வீட்டாரிடம் எப்போதாவது பொய் சொன்னதுண்டா?" என்ற பாடநூல் கேள்வியை இந்த வகுப்பில் நான் கேட்கமாட்டேன். காய்ச்சலோடு படுத்துக்கொண்டே "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டாச்சு" என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்பவர்கள் அங்கே இருப்பார்கள். அதை அவர்களாக எடுத்துச் சொன்னால் கேட்கலாமே தவிர, பயிற்சிக்காகக் கிளறக் கூடாது.

இனி நான்காவது வழி. சூழலிலிருந்து தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது, பாடநூல்கள் கவனிக்காமல் விடும் ஒரு வாக்கியம்: படிவங்களின் அடியில், மேலே கொடுத்த விவரங்கள் உண்மையானவை, சரியானவை என்று உறுதி கூறிக் கையெழுத்திடச் சொல்லும் வரி. உண்மையைப் பற்றி ஓர் ஊழியர் ஆங்கிலத்தில் வெளியிடும் மிகக் கனமான கூற்று அதுவே. பெரும்பாலும் அவர் அதைப் படிப்பதே இல்லை. வேலை அனுமதி தொடர்பான விண்ணப்பத்தில் பொய்யான தகவல் தருவோருக்கு, வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தின்கீழ் 20,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். "டிக்ளேர்", "ட்ரூ", "ஃபால்ஸ்", "மிஸ்லீடிங்" ஆகிய நான்கு சொற்களை அந்த வரியில் வைத்தே கற்பித்தால், பட்டியலில் ஒட்டாத வேறுபாடு இங்கே ஒட்டிக்கொள்ளும்: "ஃபால்ஸ்" என்பது பொய்யான விவரம், "மிஸ்லீடிங்" என்பது பொய்யே சொல்லாமல் தவறான எண்ணத்தை உண்டாக்குவது.

மருந்தகம் இன்னொரு சூழல். தளத்தில் கையில் அடிபட்டவர், அது எங்கே எப்படி நேர்ந்தது என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோரிக்கை எழும்போது, காயம் வேலையின்போது ஏற்பட்டதா என்பதே அடிப்படைக் கேள்வி. விடுதியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி யாராவது அவரிடம் சொல்லியிருந்தால், "தட் இஸ் நாட் வாட் ஹாப்பண்ட்" என்ற ஒரு வாக்கியம் அவருக்கு எந்த மரபுத்தொடரையும்விட மதிப்புள்ளது. மூன்றாவது சூழல் தொலைபேசி. 2024இல் சிங்கப்பூரில் மோசடிகளால் மக்கள் இழந்த தொகை 110 கோடி வெள்ளியைத் தாண்டியது. காவல்துறை அதிகாரி என்றோ வங்கி ஊழியர் என்றோ பேசும் குரலுக்கு மறுமொழி சொல்லத் தெரிவது வெறும் மொழிப்பயிற்சி ஆகாது. "ஃபேக்", "ஸ்கேம்", "ப்ரிட்டெண்ட்", "வெரிஃபை" ஆகியவற்றை, சந்தேகம் வந்தால் 1799 என்ற உதவி எண்ணை அழைத்துக் கேட்கும் உரையாடலாகவே நடத்திப் பார்க்கலாம்.

கனத்தைக் கற்பிக்க இந்த வழியில் ஒரு நல்ல கருவி கிடைக்கிறது. சம்பளச் சீட்டில் கூடுதல் நேர ஊதியம் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, மேற்பார்வையாளரிடம் சொல்லத்தக்க வாக்கியங்களை ஏறுவரிசையில் பலகையில் எழுதலாம். "ஐ திங்க் தேர் இஸ் எ மிஸ்டேக்" என்பது யாரையும் குற்றம் சாட்டாது; "திஸ் இஸ் நாட் வாட் ஐ வாஸ் டோல்ட்" என்பது முன்பு சொன்னதை நினைவூட்டும்; "தட் இஸ் நாட் ட்ரூ" என்பது கூற்றை மறுக்கும், ஆளைத் தொடாது; "யூ ஆர் லையிங்" என்பது ஆளைத் தொட்டுவிடும்; "யூ ஆர் எ லையர்" என்பதற்குப் பிறகு பேச்சு தொடராது. எந்தப் படியில் நிற்பது என்பதைக் கற்பவரே முடிவு செய்யட்டும், ஆனால் படிகள் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லத்தில் பணிபுரியும் பெண்ணுக்கோ எதிர்த்திசை வாக்கியம் தேவை: பாத்திரம் உடைந்தால், அது தானாகவே உடைந்துவிட்டது என்ற தொனியில் "இட் பிரோக்" என்று நழுவாமல், "ஐ பிரோக் இட், ஐ ஆம் சாரி" என்று நேராகச் சொல்வது நம்பிக்கையைக் காக்கும்.

இந்த வழிக்கும் குறைகள் இல்லாமலில்லை. ஆசிரியருக்குத் தளத்து நடைமுறை ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் என்ன பேசுவார்கள் என்று அறியாதவர் எழுதும் உரையாடல் நாடக வசனம்போல ஒலிக்கும். கிடைக்கும் சொற்களின் எண்ணிக்கையும் குறைவு. நடித்துப் பார்க்கும் பயிற்சி சில நேரங்களில் உண்மையான மனக்குறைகளைக் கொட்டும் இடமாக மாறி, ஆங்கிலம் ஓரத்துக்குப் போய்விடும்; அப்படிப்பட்டவரை வகுப்புக்குப் பின் மனிதவள அமைச்சிடமோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ உதவி கேட்கச் சொல்வதுதான் முறை.

எந்த வழியை எடுத்தாலும், சிங்கப்பூரின் சொந்தச் சொற்களை என்ன செய்வது என்று முடிவு செய்தாக வேண்டும். இங்கே ஓர் ஊழியர் "லை" என்பதைவிட "பிளஃப்" என்பதையே அதிகம் கேட்கிறார். "டோன்ட் பிளஃப்" என்பது ஏறக்குறைய நம் "சும்மா ரீல் விடாதே" அளவுக்கு இலேசானது. பாடநூல் ஆங்கிலத்தில் அந்தச் சொல் வெற்று மிரட்டலையும் பாசாங்கையும் மட்டுமே குறிக்கும். மேலதிகாரி வரும்போது மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்வதைப்போலக் காட்டுவது "வாயாங்", நோய் என்று சாக்குச் சொல்லி வேலையிலிருந்து நழுவுவது "கெங்", முன்கூட்டியே முடிவு பேசிவைத்த ஆட்டம் "கேலோங்". இவற்றைத் தவறான ஆங்கிலம் என்று ஒதுக்கும் ஆசிரியர்களோடு நான் உடன்படுவதில்லை. தம்மைப் பற்றி "கெங்" என்று சொல்லப்படுவதைப் புரிந்துகொள்ளாத ஊழியர் தம்மைக் காத்துக்கொள்ள முடியாது. கேட்டுப் புரிந்துகொள்ளவும் தோழர்களிடையே பேசவும் அவற்றைக் கற்பிக்கலாம், படிவத்திலும் மருத்துவரிடமும் அதிகாரியிடமும் அவற்றைத் தவிர்க்கச் சொல்லலாம்.

ஆகவே இந்த மாணவர்களுக்குச் சூழல் வழியையே முதலாவதாகத் தேர்ந்தெடுப்பேன். தமிழ் இணைப்பை அதற்கு அடுத்த வகுப்புக்கு ஒதுக்கி, முன்பு வாயில் பழகிய சொற்களை அந்த இரண்டு உருவகங்களின்கீழ் கொண்டுவரச் செய்வேன். மரபுத்தொடர்களைக் கேட்டால் புரிந்துகொண்டால் போதும், பேச வேண்டிய கட்டாயமில்லை என்று முன்னரே சொல்லிவிடுவேன். பட்டியல், பாடம் முடிந்தபின் நினைவுக்காகக் கையில் கொடுக்கும் தாளாக இருக்கட்டும். விளையாட்டை நேரம் மிஞ்சினால் வைத்துக்கொள்ளலாம்.

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் கட்டுரை எழுத வேண்டும், இடைவெளிகளில் சரியான சொல்லை நிரப்ப வேண்டும். சேர்க்கைகளோடு கூடிய நல்ல பட்டியலும் நிறைய வாசிப்பும் அவர்களுக்குக் கூடுதலாக உதவும். அங்கேயும் மனப்பாடம் செய்த தொடர்களைக் கட்டுரையில் திணிக்கும் பழக்கத்தைத் துணைப்பாட ஆசிரியர்கள் ஊக்குவிக்காதிருப்பது நல்லது.

ஒரே ஒரு வகுப்பு மட்டுமே கிடைக்கும் தொண்டூழியர், சம்பளச் சீட்டு வாக்கியங்களின் ஏறுவரிசையையும் படிவத்தின் அடிவரியையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் விட்டுவிடலாம். மாணவர்கள் அந்த வாக்கியங்களைத் தாளைப் பாராமல் உரக்கச் சொல்லும் வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். நேரம் கொஞ்சம் மீந்தால், அவர்கள் அண்மையில் கையெழுத்திட்ட ஏதேனும் ஒரு படிவத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று அவர்களையே தேடச் சொல்லலாம்.